காட்டு எலிக்கு எதற்கு வலி மருந்து என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். தென் ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சிக்காகப் பிடித்து வைத்திருக்கும் காட்டு எலிகளுக்கு அறுவை செய்யும்போது மயக்க மருந்து, ஆக்ஸிஜன், அப்புறம் நாள் கணக்கில் வலி மருந்து என்று பணத்தைக் கொட்டுகிறார்களாம், அரசு ஆஸ்பத்திரியில் மனுஷனுக்கே மாத்திரை கிடைக்காத நாட்டில் இது யாருக்காக என்று கேட்டிருந்தார். நான் தமிழ்நாட்டில் கால்நடைப் படிப்பு முடித்துவிட்டுக் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். இங்கே ஒரு விலங்கு மருத்துவமனையில் மயக்க மருந்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நாய் பூனைதான் அதிகம். ஆனால் காட்டு விலங்கும் வரும், பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூப்பிட்டால் அங்கேயும் போவதுண்டு. என் கணவர் இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "சரியாத்தானே கேட்டிருக்காரு" என்றார். வீட்டுக்குள்ளேயே இந்த நிலைமை என்றால் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலி மேல் இரக்கம் காட்டுங்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. எலித்தொல்லை தாங்காமல் ஜனங்கள் தெருவில் வாங்கி வைக்கும் விஷத்தில் ஒன்று டெர்பூஃபாஸ். அதே டெர்பூஃபாஸ் உடம்பில் ஏறி 2024-ல் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சொவேட்டோவின் நலேடி பகுதியில் ஆறு குழந்தைகள் செத்துப்போனார்கள். அந்தத் தாய்மார்களிடம் போய் எலியும் உயிர்தானே என்று எவளும் பேச முடியாது. வீட்டு எலி, சாக்கடை எலி, அதன் கதை வேறு. நான் பேசுவது மனிதன் தன் தேவைக்காகத் தேடிப்போய், பொறி வைத்துப் பிடித்து, கூண்டில் போட்டு, கத்தி வைக்கும் விலங்கைப் பற்றி. அது நம் வீட்டுக்கு வரவில்லை, நாம்தான் அதன் வீட்டுக்குப் போனோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்நாட்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1962-ல் வந்தது, 71-ஆம் எண் சட்டம். அதில் விலங்கு என்றால் எது என்று சொல்லும் இடத்தில் குதிரை, மாடு, ஆடு, நாய், பூனை, கோழி, நெருப்புக்கோழி என்று அடுக்கிவிட்டு, அடைபட்டோ ஒரு மனிதனின் கட்டுப்பாட்டிலோ இருக்கும் காட்டு விலங்கையும் சேர்த்திருக்கிறார்கள். புல்வெளியில் ஓடும் வரை அந்தச் சட்டம் எலியைப் பார்ப்பதில்லை. பொறியின் கதவு விழுந்ததும் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர்ப்பக்கமாக ஒரு கூத்து: அங்கே ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கும் எலியையும் சுண்டெலியையும் 2002-ல் விலங்கு நலச் சட்டத்திலிருந்தே கழற்றி விட்டுவிட்டார்கள். எண்ணிக்கையில் அவைதான் ஆகப் பெரிய கூட்டம். அந்த விஷயத்தில் இந்த நாடு தேவலை.

சரி, எந்த எலி? உங்கள் வாசகர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். இங்கே ஆய்வுக்கூடங்களில் பார்ப்பது முக்கியமாக மோல் ரேட் என்கிற, மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் எலிகள். பிரிட்டோரியா பல்கலைக்கழகம் அவற்றை ஆராய்வதில் உலகப் பெயர் வாங்கிய இடம். அப்புறம் முதுகில் நான்கு கறுப்புக் கோடு போட்ட புல்வெளிச் சுண்டெலி, நாற்பது கிராம் இருக்கும். இவற்றின் வயிற்றுக்குள் உடல் வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தைப்பார்கள், இல்லையென்றால் விரை, கருப்பை எடுப்பார்கள், ஹார்மோன் ஆய்வுக்காக. என் பக்கத்து வேலையில் வருவது வேறு மாதிரி. நேட்டாலின் கரும்புக் காட்டில் திரியும் கேன் ரேட், நாலைந்து கிலோ தேறும், வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைக்கும்போது ஓடி வரும் விலங்குகளில் அதுவும் ஒன்று. 1860-ல் நம் ஜனம் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய காலத்திலிருந்தே அந்தத் தோட்டங்களில் மனிதனும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில்தான். அதற்கும் மேலே முள்ளம்பன்றி. பெயரில் பன்றி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதுவும் கொறிக்கும் இனம்தான், பதினைந்து இருபது கிலோ வரைக்கும் வளரும், ஆப்பிரிக்காவிலேயே பெரிய கொறிப்பான். கம்பிக் கண்ணியில் கால் மாட்டியோ கார் மோதியோ வரும். பிள்ளையாரின் மூஞ்சூறு மட்டும் இந்தப் பட்டியலில் வராது, விலங்கியல்படி அது எலி இனமே இல்லை, கோயில்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாசகர் ஒரு குழப்பத்தில் இருக்கிறார். படித்தவர்களும், ஏன், கத்தி பிடிக்கிறவர்களில் சிலரும் கூட அதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்தாயிற்று, அப்புறம் வலி மருந்து எதற்கு, ஒரே வேலைக்கு இரண்டு செலவா என்பது. இல்லவே இல்லை. இன்று சின்ன விலங்குக்கு அதிகம் பயன்படுத்துவது ஐசோஃப்ளூரேன் என்ற வாயு. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விலங்கை விட்டு ஆக்ஸிஜனோடு நான்கு ஐந்து சதவீதம் வரைக்கும் விடுவோம், சாய்ந்ததும் மூக்கில் குட்டி முகமூடி போட்டு இரண்டு சதவீதத்தை ஒட்டி ஓட்டுவோம். நல்ல வாயு, சீக்கிரம் தூக்கம், சீக்கிரம் விழிப்பு. ஆனால் அது தூங்க வைக்கும், அவ்வளவுதான். வலியை அடக்கும் குணம் அதற்குக் கிடையாது. முகமூடியைக் கழற்றிய சில நிமிடத்தில் எலி எழுந்து உட்காரும், எழுந்த நொடியில் வயிற்றில் போட்ட வெட்டு முழுசாக அதற்குத் தெரியும். அறுவை நடந்த இருபது நிமிடம் சுகமாகக் கழிந்து, அடுத்த இரண்டு மூன்று நாள் நரகம். சிசேரியன் ஆன பெண்ணை மயக்க ஊசியின் வேகம் இறங்கியதும் மாத்திரை ஒன்றும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று உங்கள் வாசகர் தன் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே நாங்கள் செய்வது இது. கத்தி படுவதற்கு முன்பே வலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். வலி ஒரு தடவை நரம்பில் ஏறி முதுகுத்தண்டைக் கிளப்பிவிட்டால் அப்புறம் அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும், முன்னாலேயே கொடுத்தால் குறைவு போதும். பியூப்ரினார்ஃபின் போல ஓபியம் வகை ஒன்று, மெலாக்ஸிகாம் போல வீக்கம் வற்றவைக்கும் வகை ஒன்று, வெட்டும் கோட்டில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் அல்லது புபிவகெய்ன். மூன்றும் மூன்று இடத்தில் வேலை செய்யும், சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் போதும். இதில் புதுமை எதுவும் இல்லை, மனிதனுக்கும் இப்படித்தான்.

செலவு என்றாரே, அதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாய்க்கு வாங்கும் மெலாக்ஸிகாம் சிரப், மில்லிக்கு 1.5 மில்லிகிராம், 10 மில்லி புட்டி. நாற்பது கிராம் சுண்டெலிக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் கொடுத்தால் ஒரு வேளைக்கு 0.08 மில்லிகிராம். அந்தப் புட்டியில் 180 வேளைக்கு மேல் வரும். உடம்புக்குள் வைத்துத் தைக்கும் கருவி ஒன்றின் விலைக்கு முன்னால் இது தூசு. கருவிக்குப் பணம் இருக்கிறது, மருந்துக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்புவதாக இல்லை.

கஷ்டம் பணத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. இதை யாரும் வீட்டில் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம், ஏன் கஷ்டம் என்று புரிவதற்காகச் சொல்கிறேன். இரண்டு சதவீத லிக்னோகெய்ன் எல்லா டாக்டரிடமும் இருக்கும். நாற்பது கிராம் விலங்குக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று பார்த்தால் 0.01 மில்லி. ஊசி முனையிலிருந்து விழும் ஒரு சொட்டே ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது ஐந்து மடங்கு. சொட்டுதானே என்று விட்டால் வலிப்பு வந்து உயிரே போய்விடலாம். ஆகவே பத்து மடங்கு கரைத்து, இன்சுலின் ஊசியில் எடுத்து, அதற்கும் முன்னால் விலங்கைக் கிராம் சுத்தமாக எடை போட்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். பியூப்ரினார்ஃபினோ தலைகீழ். மனிதனுக்கு ஒரு ஊசி 0.3 மில்லிகிராம், கிலோவுக்குப் பார்த்தால் 0.004-தான் வரும். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 வரை வேண்டும், பத்து இருபது மடங்கு. சின்ன உடம்பு வேகமாக எரிக்கிறது, மருந்தையும் வேகமாக எரித்துத் தள்ளிவிடுகிறது. ஆறு எட்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும் என்று நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது.

அங்கேதான் காட்டு எலிக்கும் ஆய்வகச் சுண்டெலிக்கும் உள்ள வித்தியாசம் வந்து நிற்கிறது. ஆய்வகத்தில் நூறு தலைமுறையாக வளர்ந்தது கையில் எடுத்தால் பேசாமல் இருக்கும். காட்டிலிருந்து வந்ததை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிடித்து ஊசி போட்டால், பிடிப்பதே அதற்கு வலியைவிடப் பெரிய வதை. வால் பிடித்துத் தூக்கினால் சிலவற்றுக்கு வால் தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும். அதனால் பிடிக்காமல் மருந்து கொடுக்கும் வழியைத் தேட வேண்டும், நீண்ட நேரம் நிற்கும் மருந்தைத் தேட வேண்டும், கடலை வெண்ணெயில் ஒரு துளி மெலாக்ஸிகாம் கலந்து வைக்கலாம், ஆனால் அது தானே நக்கித் தின்கிறதா என்று, அறுவைக்கு முன்பே, மருந்தில்லாத வெறும் வெண்ணெயை வைத்துப் பழக்கிப் பார்க்க வேண்டும். பொறியில் மாட்டியதை அன்றைக்கே மேஜையில் கிடத்தவும் கூடாது. பயத்தில் இதயம் படபடக்கும் விலங்குக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து, சில நாள் கூண்டில் இருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான்.

இன்னொன்று, காட்டு விலங்கு வலியைக் காட்டிக்கொள்ளாது. ஆந்தையும் பாம்பும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் நொண்டினால் தீர்ந்தது கதை, அதனால் மறைத்துப் பழகிய இனம். 2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு சுண்டெலியின் முகத்தில் வலியைப் படிக்க ஓர் அளவுகோல் செய்தார்கள், கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னால் போவது, மீசை மயிர் நிற்கும் விதம் என்று. அருமையான வேலை. ஆனால் அது ஆய்வகச் சுண்டெலியின் முகம். கண்ணே கடுகு மாதிரி இருக்கும், வெளிக்காதே இல்லாத மோல் ரேட்டின் முகத்தில் எதைப் பார்ப்பது? (அதே குழு 2014-ல் இன்னொன்றும் கண்டுபிடித்தது: ஆண் ஒருவர் அறையில் இருந்தால் அந்த வாசத்துக்கே சுண்டெலி வலியைக் காட்டுவது குறைந்துவிடுகிறது. எங்கள் மருத்துவமனை ஆண்களிடம் இதைச் சொல்லிவிட்டு நான் நிறையச் சிரித்திருக்கிறேன்.) ஆகவே முகத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்கிறோம். வைக்கோலும் காகிதமும் போட்டால் கூடு கட்டுகிறதா, தீனியை இழுத்துக்கொண்டு போகிறதா, எடை இறங்குகிறதா, வயிற்றைத் தரையோடு அழுத்துகிறதா. இரவில் விழிக்கும் விலங்கைப் பகல் பத்து மணிக்கு எட்டிப் பார்த்து "நன்றாகத் தூங்குகிறது" என்று எழுதி வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை, கேமரா வைக்க வேண்டும். கோடு போட்ட சுண்டெலி பகலில் திரிவது, அதற்குப் பகலில் பார்க்கலாம்.

மோல் ரேட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் உங்கள் வாசகரின் கடிதத்தில் "அந்த எலிக்கு வலியே தெரியாதாம், விஞ்ஞானிகளே சொல்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்தது. எங்கிருந்து வந்த வரி என்று எனக்குத் தெரியும். கிழக்கு ஆப்பிரிக்காவின் முடியில்லாத மோல் ரேட்டின் தோலில் அமிலம் பட்டாலும் மிளகாய்க் காரம் பட்டாலும் எரிவதில்லை, இது உண்மை. 2019-ல் பெர்லினின் மாக்ஸ் டெல்ப்ரூக் மையமும் பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொன்று சொன்னார்கள்: இங்கே ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் வாழும் மோல் ரேட்டுக்குக் கடுகெண்ணெயின் அந்தச் சுள்ளென்ற எரிச்சலே தெரிவதில்லை, அதன் வளைக்குள் கொட்டும் எறும்புகளும் குடியிருப்பதால் அந்த வாழ்க்கைக்கு ஏற்ப நரம்பு மாறியிருக்கிறது என்று. இவ்வளவும் சரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட எரிச்சல் தெரியாமல் போவது வேறு, வலியே இல்லாமல் போவது வேறு. கிள்ளினால், குத்தினால், அறுத்தால் அதற்குத் தெரியும். வயிற்றைக் கீறித் தசையைத் தைப்பது மிளகாய்ச் சோதனை இல்லையே.

இதில் இன்னும் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக் கூடாது, எச்சரிக்கை. 1990-ல் வந்த ஆய்வு ஒன்றில் முடியில்லாத மோல் ரேட்டுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை, ஆவேசம்தான் வந்தது, ஒன்றையொன்று தாக்கின. எலிக்கு எலி மருந்து என்று புத்தகத்தைப் பார்த்து ஊசி போட்டால் இதுதான் நடக்கும். புத்தகத்தில் இருப்பது ஆய்வகச் சுண்டெலியின் அளவு. ஒரு புது இனத்துக்கு அதை எடுத்துப் போடுகிறவர் அது வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும், அடுத்தவருக்காவது உதவும்.

வாயுவும் அப்படித்தான். இந்த எலிகள் காற்றோட்டமே இல்லாத வளையில் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக் கரியமில வாயு மிகுந்த காற்றிலேயே வாழ்கின்றன. முடியில்லாத மோல் ரேட் ஆக்ஸிஜன் துளியும் இல்லாமல் 18 நிமிடம் தாங்கியது என்று 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. அப்படிப்பட்ட பிராணியைப் பெட்டியில் விட்டால் ஆய்வகச் சுண்டெலி சாயும் நேரத்தில் அதுவும் சாயும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மூச்சு மெதுவானதும் ஆழ்ந்த மயக்கம் என்று நினைத்தால் கத்தி படும்போது காலை இழுக்கும். கால் விரலைக் கிள்ளிப் பார்க்க வேண்டும், ஒரு தடவை இல்லை, நடுநடுவே. சூடும் தனி. உள்ளங்கை அளவு விலங்கு மயக்கத்தில் சில நிமிடத்திலேயே குளிர்ந்து போகும், அதற்காக அடியில் ஹீட்டிங் பேட் வைக்கிறோம், சரி. ஆனால் முடியில்லாத மோல் ரேட்டின் இயல்பான உடல் சூடே 32 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மற்ற எலிக்கு வைக்கும் 37 டிகிரியை அதற்கு வைத்தால் வேக வைத்த மாதிரி.

வலி மருந்தைத் தண்ணீர் புட்டியில் கலந்து வைத்துவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். மோல் ரேட் தண்ணீரே குடிக்காது. கிழங்கிலிருந்துதான் அதற்கு ஈரம். சர்க்கரைவள்ளித் துண்டில் குழி தோண்டி மருந்தை வைக்கலாம், அதுவும் மற்றது பிடுங்கித் தின்னாமல் பார்க்க வேண்டும். தனியாகப் பிரித்து வைத்தாலோ வேறு தொல்லை. கூட்டத்துக்கென்று ஒரு வாசம் உண்டு. டெட்டாலும் மருந்தும் மணக்க நாள் கழித்துத் திருப்பி விட்டால் அந்நியன் என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும், இல்லையென்றால் கூட்டாளி தையலைக் கொறித்துவிடும். அதனால்தான் தையலைத் தோலுக்கு உள்ளேயே ஓட்டி, மேலே பசை போட்டு மூடி, அதன் கூண்டிலிருந்தே எடுத்த மண்ணில் புரட்டி, முடிந்த மட்டும் சீக்கிரம் திருப்பி அனுப்புகிறோம். இதெல்லாம் செல்லம் கொஞ்சுவது இல்லை ஐயா, வேலை.

நாய்க்குச் செய்வதுபோல் முதல் நாள் இரவே பட்டினி போடுவதும் கூடாது. எலிகளால் வாந்தி எடுக்க முடியாது, வாந்தி மூச்சுக்குழலில் போகும் பயம் இல்லை. பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மேஜையிலேயே போய்விடும். அப்புறம் லோட் ஷெடிங். இந்த ஊரில் கரண்ட் போகும் நேரத்தை நம்பி அறுவையைக் குறித்த காலம் ஒன்று இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது, போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஹீட்டிங் பேட் அணைந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து, துணிப்பையில் அரிசி போட்டுச் சூடாக்கித் துண்டில் சுற்றித் தயாராக வைத்திருப்போம்.

முள்ளம்பன்றி விஷயம் இதைவிடச் சுலபம், உடம்பு பெரிது. மயக்கத்துக்குத் தொடையில் கீட்டமினும் மெடெடோமிடினும் ஒரே ஊசியில், முடிந்ததும் மெடெடோமிடினுக்கு அட்டிபமெசோல் என்ற முறிவு மருந்து, எழுந்துவிடும். கஷ்டம் அந்தத் தொடையை எட்டுவதில் மட்டும்தான்.

ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சொல்லும் ஒரு தடை உண்டு, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். வலி மருந்து கொடுத்தால் முடிவு மாறிவிடும், உடல் வெப்பத்தை அளக்கும் ஆய்வில் மெலாக்ஸிகாம் போட்டால் வெப்பமே மாறாதா என்பார்கள். மாறலாம். ஆனால் வலி மாற்றாதா? வலியில் இருக்கும் விலங்கு சாப்பிடாது, தூங்காது, ஓடாது, மனஉளைச்சல் ஹார்மோன் ஏறும். இயற்கையில் இந்த எலி எப்படி வாழ்கிறது என்று கேட்டுவிட்டு, வெட்டுக்காயத்தோடு வலியில் சுருண்ட எலியை அளந்து எழுதினால் அது யாருடைய வாழ்க்கை? தேறி வரும் முதல் சில நாள் அளவுகளை எப்படியும் ஒதுக்கிவிட வேண்டியதுதான், அந்த நாட்களில் மருந்து கொடுத்தால் ஆய்வுக்கு ஒரு சேதமும் இல்லை.

வலி தெரியாது என்று சொல்லிப் பழகியவர்கள் எலியோடு நிற்கவில்லை என்பதையும் உங்கள் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு வலி உணர்வு வளர்ந்திருக்காது என்று நம்பி, 1980-கள் வரைக்கும் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் போதிய வலி மருந்து இல்லாமல் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். 1987-ல் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி டாக்டரும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள், கொடுக்காத குழந்தைகளின் உடம்பு எப்படிப் பதறியிருக்கிறது என்று ரத்தத்திலேயே தெரிந்தது. பேச முடியாதவர்களுக்கு வலிக்காது என்று முடிவுகட்டுவது நமக்கு அவ்வளவு சுலபம்.

என் கணவர் வேறு ஒன்று கேட்டார். தைப்பூசத்துக்கு நாக்கிலும் முதுகிலும் அலகு குத்திக் காவடி எடுத்துப் போகிறோமே, யாருக்கு ஊசி போட்டார்கள் என்று. அவரே எடுப்பவர். நான் சொன்னேன், நீங்கள் விரதம் இருந்து, மனசார முருகனுக்கு நேர்ந்துகொண்டு, தெரிந்து போய் நிற்கிறீர்கள், வேண்டாம் என்றால் அடுத்த வருஷம் பால்குடம் எடுக்கலாம். அந்த எலி எதற்கும் நேர்ந்துகொள்ளவில்லை. அதற்கப்புறம் அவர் பேசவில்லை, ஒப்புக்கொண்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக நடைமுறை விஷயம். இந்நாட்டில் விலங்கு ஆராய்ச்சிக்கென்று ஒரு தேசியத் தரநிலை இருக்கிறது, சான்ஸ் 10386, முதலில் 2008-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு வேண்டும், அதில் கால்நடை மருத்துவர், ஆராய்ச்சியாளர், விலங்கு நல அமைப்பைச் சேர்ந்தவர், இவர்களோடு அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத பொதுஜனம் ஒருவரும் உட்கார வேண்டும். அந்தக் கடைசி நாற்காலிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை என்று எனக்குத் தெரிந்த இடங்களில் புலம்புகிறார்கள். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருக்கும் நம்மவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள் எத்தனையோ பேர். விஞ்ஞானம் தெரிய வேண்டியதில்லை, ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு வரும் படிவத்தைப் படித்துவிட்டுச் சந்தேகத்தைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த ஒரு விண்ணப்பத்தில், இடத்தின் பெயர் வேண்டாம், வலி நிவாரணம் என்ற கட்டத்தில் "தேவைப்பட்டால் கொடுக்கப்படும்" என்று எழுதியிருந்தது. தேவைப்படுகிறது என்று யார் முடிவு செய்வார், ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார், அந்த இனத்தில் வலியின் அடையாளம் என்ன, அடுத்த வேளை மருந்து எத்தனை மணிக்கு, பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம்? ஒன்றுக்கும் பதில் இல்லை. நான் கேட்டபோது, காட்டு விலங்கு, தாங்கிக்கொள்ளும் என்றார்கள். அந்தப் படிவம் திருப்பி அனுப்பப்பட்டது, மருந்தின் பெயரும் அளவும் நேரமும் பார்ப்பவரின் பெயரும் எழுதி மறுபடி வந்தது. இதற்குப் பிடித்தது ஒரு மாதத் தாமதம்.

உங்கள் வாசகர் விரும்பினால், டர்பனுக்கு வரும்போது அவருக்கு ஒரு கப் டீ கொடுத்துப் பேச நான் தயார். கேன் ரேட் கறி பற்றியும் அவர் ஏதோ எழுதியிருந்தார், அதை வேறு ஒரு கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கால்நடை மயக்கவியல் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்